நான்கு நாள் விருந்தாளிகள்

ஆகஸ்டு மாதத்தின் நடுப்பகுதியில், வெயிலும் புழுக்கமும் உச்சத்தை எட்டி, மரத்துக்கு மரம் சில்வண்டுகள் காது செவிடுபடும்படி கத்திக்கொண்டிருக்கும் நாட்களில், ஜப்பானின் பெருநகரங்கள் தங்களிடம் பிழைக்க வந்த ஜனங்களை மூட்டை முடிச்சுகளோடு அவரவர் சொந்த ஊருக்கு அனுப்பி வைக்கின்றன. அதிவேக ரயில்களுக்கு ஒரு மாதம் முன்னதாகக் காலை 10 மணிக்கு முன்பதிவு திறக்கும்போதே அதற்காகக் காத்திருப்பவர்கள் ஏராளம். நெடுஞ்சாலைகளில் கார்கள் பல மைல் தூரத்துக்கு நகர மாட்டாமல் நிற்கின்றன. கடைக் கதவுகளில், இன்ன தேதி வரை விடுமுறை என்று மரியாதையாக எழுதிய சீட்டு தொங்குகிறது. தீபாவளிக்கு முந்தைய இரவு சென்னையிலிருந்து புறப்படும் பஸ்களைப் பார்த்திருக்கும் நமக்கு இதில் அதிசயிக்க ஒன்றுமில்லை. அதிசயமெல்லாம் ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான். ஏனெனில், பட்டணத்துப் பிள்ளைகளும் பேரக் குழந்தைகளும் வந்து இறங்கும் அதே வீட்டுக்கு, அதே அந்திப் பொழுதில், அதே வாசல் வழியாக, அந்தக் குடும்பத்தில் இறந்துபோனவர்களும் வந்து சேர்வார்கள் என்பதும், நான்கு நாள் தங்கி, உண்டு, ஆடல் பாடல் கண்டு, 16-ஆம் தேதி இரவு விடைபெற்றுப் போவார்கள் என்பதும் அங்கே நெடுங்காலமாக வழங்கிவரும் நம்பிக்கை. ஓபோன் என்று அதற்குப் பெயர்; சுருக்கமாகப் போன் என்பார்கள்.

சர்க்கார் காலண்டரில் ஓபோனுக்கு இடம் கிடையாது. 2016 முதல் ஆகஸ்டு 11-ஐ மலைகளுக்குரிய நாள் என்று பெயரிட்டு விடுமுறை விட்டிருக்கிறார்களே ஒழிய, 13 முதல் 16 வரையுள்ள தினங்களைச் சட்டம் சாதாரண நாட்களாகவே பாவிக்கிறது. ஆயினும் தொழிற்சாலைகளும் கம்பெனிகளும் தாமாகவே மூடிக்கொள்கின்றன. பெரும்பாலான பள்ளிக்கூடங்களுக்கு ஜூலை 20-ஆம் தேதி வாக்கிலிருந்தே கோடை விடுமுறை. இதன் வேர் பழமையானது. எடோ என்று பெயர்பெற்ற பழைய ஆட்சிக் காலத்தில், வர்த்தகர் வீடுகளில் தங்கித் தொழில் பழகிய பையன்களுக்குத் தாய் தகப்பனைப் பார்த்துவர வருஷத்தில் இரண்டே தடவைதான் அனுமதி: புத்தாண்டை ஒட்டி முதல் மாதம் 16-ஆம் தேதி ஒன்று, போன் முடியும் தறுவாயில் ஏழாம் மாதம் 16-ஆம் தேதி மற்றொன்று. எங்கேனும் அளவு கடந்த சந்தோஷம் நேர்ந்துவிட்டால், போனும் புத்தாண்டும் ஒன்றாக வந்தாற்போல என்று ஜப்பானியர் இன்றும் சொல்வதுண்டு. அமாவாசைத் தர்ப்பணத்தைப் பொங்கலோடு ஜோடி சேர்த்து நம்மில் யாரேனும் பேசுவார்களா?

தேதி விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. பழைய சாந்திரமானக் கணக்கை விட்டு 1873-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதியிலிருந்து ஜப்பான் புதிய காலண்டரை ஏற்றபோது, ஏழாம் மாதம் என்றால் ஜூலைதானே என்று டோக்கியோவும் வேறு சில இடங்களும் அப்படியே மாற்றிக்கொண்டன. வயல் வேலை மும்முரமாக இருக்கும் ஜூலையில் முடியாது என்று மற்ற ஊர்கள் ஒரு மாதம் தள்ளி வைத்துக்கொண்டன. ஓகினாவாத் தீவினரோ இரண்டையும் மதியாமல் இன்னமும் சந்திரனைப் பார்த்தே நாள் குறிக்கிறார்கள்.

இதற்கெல்லாம் ஆதாரமாக வழங்கும் கதை நம் தேசத்து மனிதர் ஒருவரைப் பற்றியது. புத்தருடைய பிரதான சீடர் இருவரில் ஒருவரான மௌத்கல்யாயனர், தம் ஞான திருஷ்டியால் இறந்த தாயாரைத் தேடியபோது, அவள் பசியாலும் தாகத்தாலும் எலும்பும் தோலுமாகிப் பிரேத லோகத்தில் தவிப்பதைக் கண்டார். பதறிப்போய் அன்னம் ஏந்திக் கொடுத்தார். அது வாய்க்கு எட்டுமுன் நெருப்பாக மாறிற்று. உன் ஒருவன் சக்தியால் இது தீராது, மழைக்கால வாசம் முடிந்து பிக்ஷுக்கள் ஒன்று கூடும் ஏழாம் மாதப் பதினைந்தாம் நாளில் அவர்களுக்கு அன்னமிடு என்றார் புத்தர். இந்தக் கதையைச் சொல்லும் பௌத்த சூத்திரம் சீன மொழியில்தான் நமக்குக் கிடைக்கிறது. சீனாவிலேயே இயற்றப்பட்டிருக்க வேண்டும் என்று கருதும் பண்டிதர்கள் பலர். எங்கே இயற்றப்பட்டதாயினும், சுய்கோ மகாராணியின் காலத்தில் 606-ஆம் வருஷம் அந்தத் தினத்தில் ஆலயங்களில் அன்னதானம் நடந்ததாக ஜப்பானின் பழைய சரித்திர நூல் குறிக்கிறது. தாய் கரையேறியதைக் கண்ட மௌத்கல்யாயனர் ஆனந்தக் கூத்தாடினார் என்றும், போன் நடனம் அதிலிருந்தே பிறந்தது என்றும் ஜனங்கள் சொல்கிறார்கள். சூத்திரத்தில் அந்தக் கூத்து இல்லை. இருக்க வேண்டும் என்று ஜனங்கள் ஆசைப்பட்டிருக்கிறார்கள், அது போதும்.

வீட்டார் செய்யும் காரியங்களைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். முதலில் குடும்பக் கல்லறை. ஜப்பானில் அனேகமாக எல்லோரையும் தகனம் செய்துவிடுகிறார்கள். அஸ்திக் கலசங்களை, குடும்பப் பெயர் பொறித்த ஒரே கருங்கல்லின் அடியில் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைக்கிறார்கள். குன்றுச் சரிவிலோ வயலோரத்திலோ இருக்கும் அந்த இடத்துக்கு, மரவாளியும் நீண்ட கைப்பிடிக் கரண்டியும் எடுத்துக்கொண்டு குடும்பமே ஏறிப் போகிறது. பெரியவர்கள் கல்லைத் தேய்த்துக் கழுவுகிறார்கள். குழந்தைகள் புல் பிடுங்குகிறார்கள், கொசுக்கடிக்குச் சொறிந்துகொள்கிறார்கள், வாளித் தண்ணீருக்குச் சண்டை போடுகிறார்கள். ஊதுவத்தி கொளுத்தி, பூ வைத்து, கல்லின் உச்சியிலிருந்து தண்ணீர் வார்க்கிறார்கள். கல்லுக்குப் பின்னால் நெட்டையாக நாட்டியிருக்கும் மரப்பலகைகளை உற்றுப் பார்த்தால், கறுப்பு மையில் ஸம்ஸ்கிருத பீஜாக்ஷரங்கள் தெரியும். பாரத தேசத்தில் என்றோ மறைந்துபோன சித்தம் என்னும் லிபி, ஒரு ஜப்பானியப் பாட்டனாருக்குப் பின்னால் மழையிலும் வெயிலிலும் நிற்கிறது.

வீட்டுக்குத் திரும்பியதும், முன்னோருக்குப் படைக்கும் மேடையின் அலங்காரம். சொடக்குத் தக்காளியின் உறவாகிய ஒரு செடியின் சிவந்த கூடுகளை விளக்குகளுக்குப் பதிலாகத் தொங்கவிடுகிறார்கள். ஒரு வெள்ளரிக்காய்க்கு நான்கு குச்சிகளைக் கால்களாகச் செருகினால் அது குதிரை. ஒரு கத்தரிக்காய்க்குச் செருகினால் அது மாடு. முன்னோர் வரும்போது குதிரையேறி விரைந்து வர வேண்டுமாம். போகும்போது, படைத்த பண்டங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு, மாட்டின் மேல் அசைந்தசைந்து மெதுவாகப் போக வேண்டுமாம். சோமென் என்கிற மெல்லிய கோதுமை இழைகளைப் படைப்பதற்கும், மூட்டை கட்டக் கயிறு வேண்டாமா என்று காரணம் சொல்கிறார்கள் சிலர். பொழுது சாய்ந்ததும் வாசலில் மண்சட்டி ஒன்றில் சணல் தண்டுகளைக் கொளுத்துகிறார்கள். வழி தெரியட்டும் என்பதற்காக அந்த நெருப்பு.

மேடையின் ஓரத்தில், எளிதில் கண்ணில் படாத ஒரு சிறு பாத்திரம் உண்டு. தாமரை இலையில் பொடிப்பொடியாக நறுக்கிய கத்தரியும் வெள்ளரியும் கழுவிய அரிசியும் கலந்து நீர் தெளித்து வைத்திருப்பார்கள். அது அந்த வீட்டாருக்குரியதன்று. படைப்பதற்குப் பிள்ளையோ பந்துவோ இல்லாத அநாதை ஆவிகளுக்குரியது. தாயும் தந்தையும் சுற்றமும் இல்லாதவர்களை உத்தேசித்து நம் தர்ப்பணத்தின் முடிவில் நீர் வார்ப்பதை அறிந்தவர்களுக்கு இந்தப் பாத்திரத்தை விளக்க வேண்டியதில்லை. ஜோதோ ஷின்ஷூ என்னும் பெரிய பௌத்த சம்பிரதாயத்தார் மட்டும் குதிரையும் செய்வதில்லை, நெருப்பும் கொளுத்துவதில்லை. இறந்தவர் அமிதாப புத்தரின் சுகாவதி என்னும் சுவர்க்கத்தில் சேர்ந்த பிறகு பசியோடு திரும்பி வருவானேன் என்பது அவர்கள் கட்சி. தர்க்கம் சரிதான். ஆயினும் அவர்களும் அந்த வாரம் ஊருக்கு வந்துதான் கல்லறையைக் கழுவுகிறார்கள்.

எனக்குத் தோன்றுவது இது: ஓபோனின் சூட்சுமமெல்லாம் இறந்தவர்களை விருந்தாளிகளாகப் பாவித்ததில் அடங்கியிருக்கிறது. விருந்தாளி வந்திருக்கும்போது வீட்டில் ஒப்பாரி வைப்பது மரியாதையன்று. நல்லதைச் சமைத்துப் போட வேண்டும், ஊரில் நடக்கும் வேடிக்கைக்கு அழைத்துப் போக வேண்டும், குழந்தைகளைக் காட்ட வேண்டும். அதே சமயம், விருந்தாளி நிரந்தரமாகத் தங்குகிறவருமல்லர். வரும் தேதியைப் போலவே போகும் தேதியும் நிச்சயமாகியிருக்கிறது. துக்கத்துக்கு நான்கு நாள் கதவைத் திறந்து வைத்து ஐந்தாம் நாள் அதைச் சாத்திவிடுகிற இந்த ஏற்பாட்டைச் செய்தவர் யாரோ, மனித மனத்தை நன்றாக அறிந்தவர்.

குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் வனபோஜனம்தான். விடுமுறையில் தினம் ஒரு பக்கம் படத்தோடு நாட்குறிப்பு எழுதிவர வேண்டுமென்று பள்ளிக்கூடம் கட்டளையிட்டிருக்கும். எழுதுவதற்கு விஷயம் கிராமத்தில்தான் கிடைக்கும். விடியற்காலையில் வலையும் கூண்டுமாகக் காட்டோரம் போய்க் கொம்பு முளைத்த காண்டாமிருக வண்டுகளைப் பிடிக்கிறார்கள்; ஓடையில் இறங்குகிறார்கள்; இரவில் மத்தாப்புக் கொளுத்துகிறார்கள். ஆனால் இந்த விளையாட்டுக்குள்ளும் பாட்டிமார்கள் இரண்டு தடைகளை வைத்திருக்கிறார்கள். போன் நாட்களில் தும்பியைப் பிடிக்கக் கூடாது. அதன் முதுகில் யார் ஏறி வந்திருக்கிறார்களோ! போனுக்குப் பிறகு கடலில் இறங்கக் கூடாது; திரும்பிப் போகிறவர்கள் காலைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். ஆகஸ்டு பாதிக்குமேல் அந்தக் கடற்கரைகளில் சொறிமீன்கள் மிகுவதும், தொலைவில் உருவாகும் புயல்களால் பேரலைகள் எழுவதும் உண்மையே. ஆகையால் பாட்டி சொன்னதில் பிழையில்லை. எட்டு வயதுப் பையனைத் தண்ணீரிலிருந்து வெளியே கொண்டுவரக் கடல் சாஸ்திரத்தைக் காட்டிலும் இறந்த பெரியப்பாவின் பெயர் விரைவாக உதவும்.

பிறகு நடனம். ஆலய முற்றத்திலோ பள்ளி மைதானத்திலோ மூங்கிலும் மரமும் கொண்டு ஒரு மேடை எழுப்பி, அதன்மேல் பெரிய முரசை ஏற்றி, சுற்றிலும் வட்டமாக நின்று ஆடுகிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இப்பென் என்னும் துறவி புத்த நாமத்தைச் சொல்லிக்கொண்டே ஆடி ஊர் ஊராகத் திரிந்தார். அத்தகைய பக்தி நடனங்கள் மெல்ல மெல்ல ஊர்க் கூத்தாக மாறின. அடிகள் எளியவை. முன்னே ஆடுகிற கிழவியைப் பார்த்துக்கொண்டே இரண்டு சுற்றுப் போனால் கை கால் பழகிவிடும். பார்வையாளர், ஆடுபவர் என்ற பேதமே அங்கே இல்லை. கிஃபு மாகாணத்து மலைகளுக்கு நடுவே குஜோ என்ற சிற்றூரில் ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை ஏறக்குறைய முப்பது இரவுகள் ஆடுகிறார்கள். அவற்றில் ஆகஸ்டு 13 முதல் 16 வரை நான்கு இரவுகளும், மரச்செருப்புகள் தெருவில் தாளம் போட, விடியும் வரை ஆட்டம் நிற்பதில்லை. இதுவும் சேர்ந்த 41 நடனங்களை 2022-இல் யுனெஸ்கோ உருவமற்ற கலாசார மரபுகளின் பட்டியலில் ஏற்றியது. அகீதா மாகாணத்தின் நிஷிமோனாயிலோ ஆடுகிறவர்களில் பலர் முகம் தெரியாதபடி கண்ணுக்கு மட்டும் துவாரமிட்ட கறுப்புத் துணியால் தலையை மூடியிருப்பார்கள். அந்த வட்டத்தில் உயிரோடிருப்பவர் யார், வந்திருக்கும் விருந்தாளி யார் என்று சொல்ல முடியாது. அதற்காகவே அந்த முக்காடு என்கிறார்கள்.

எல்லா வீட்டிலும் விருந்து ஒரே மாதிரியாக இருப்பதில்லை. கடந்த போனுக்குப் பிறகு சாவு நேர்ந்த குடும்பத்துக்கு இது முதல் போன். வாசலில் வர்ண விளக்குக்குப் பதில் வெள்ளை விளக்கு தொங்கும். உறவினர்கள் கறுப்புடையில் வருவார்கள். காயம் ஆறாதவர்களை என்ன செய்வது? நாகசாகி நகரத்தார் கண்ட வழி அமைதி விரும்பிகளுக்கு ஏற்றதன்று. அந்த வருஷம் இறந்தவர்களுக்காக அவரவர் குடும்பத்தார் மரத்தால் படகு கட்டி, விளக்குகளால் அலங்கரித்து, நடுவே இறந்தவரின் புகைப்படத்தை வைத்து, ஆகஸ்டு 15 மாலை தெருத்தெருவாக இழுத்து வருகிறார்கள்; வழி நெடுகப் பெட்டி பெட்டியாகச் சீன வெடியைக் கொளுத்தி எறிகிறார்கள். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டே வருகிறார்கள். புகையில் எதிரே நிற்பவர் தெரியாது. முன் காலத்தில் அந்தப் படகுகளைக் கடலில் விட்டார்கள். இப்போது கரையருகே கொண்டுபோய் உடைத்துக் கழிக்கிறார்கள். கணவனை இழந்தவள், பிள்ளையைப் பறிகொடுத்தவன் எல்லோரும் அந்த இடியோசைக்கு நடுவில் நடக்கிறார்கள். யார் அழுதாலும் அங்கே ஒருவர் காதிலும் விழாது. அந்த வெடியின் பிரயோஜனங்களில் அதுவும் ஒன்றென்றே நினைக்கிறேன்.

இந்த ஊர்ப் பயணமே பெருந்துக்கமான சம்பவமும் உண்டு. 1985-ஆம் வருஷம் ஆகஸ்டு 12-ஆம் தேதி, போனுக்காக வீடு திரும்புவோரும் விடுமுறைப் பயணிகளுமாக நிரம்பிய விமானம் ஒன்று, டோக்கியோவின் ஹனேடா நிலையத்திலிருந்து மாலை 6.12-க்கு ஓஸாகாவை நோக்கிக் கிளம்பிற்று. ஏழு ஆண்டுகளுக்கு முன்பு வால்பகுதியில் ஏற்பட்ட சேதத்தைச் சரியாகப் பழுதுபார்க்காமல் விட்ட இடம் வானத்தில் பிளந்து, கட்டுப்பாடுகளெல்லாம் அற்றுப்போய், 6.56-க்குக் கும்மா மாகாணத்து உயெனோ கிராமத்தின் மலைமுகட்டில் மோதியது. 524 பேரில் பிழைத்தவர் நால்வர். ஒற்றை விமானத்துக்கு நேர்ந்த விபத்துகளில் இதைவிடப் பெரிய உயிர்ச்சேதம் கிடையாது. ஓபோனும் அந்த நினைவு நாளும் அடுத்தடுத்து வருவதால், குடும்பங்கள் ஆண்டுதோறும் முதலில் அந்த மலைக்குப் போகின்றன. 11-ஆம் தேதி மாலை அடிவாரத்துக் கன்னா ஆற்றில் பெயரெழுதிய காகித விளக்குகளை மிதக்க விடுகிறார்கள். மறுநாள் செங்குத்தான காட்டுப் பாதையில், அன்றைக்குக் கைக்குழந்தையாக இருந்தவர்கள் இன்று தங்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்து ஏறுகிறார்கள். உச்சியில் சோப்புத் தண்ணீரில் குமிழி ஊதிப் பறக்க விடுவது வழக்கம். மடிந்தவர்களில் குழந்தைகள் பலர்.

தேச சரித்திரமும் வந்து இதே வாரத்தில் தலையிடுகிறது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததை மக்கள் வானொலியில் கேட்ட ஆகஸ்டு 15, சரியாகப் போனுக்கு நடுவில் அமைந்துவிட்டது. அந்தச் சமயத்தில் கோஷியென் மைதானத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் பேஸ்பால் போட்டி நடந்துகொண்டிருக்கும்; ஊர் முழுவதும் வீட்டுக்கு வந்த உறவினர்களோடு தர்பூசணி தின்றுகொண்டு தொலைக்காட்சியில் அதைப் பார்ப்பார்கள். 15-ஆம் தேதி நண்பகலில் ஆட்டத்தை நிறுத்திச் சங்கு ஊத, வீரர்கள் தொப்பியைக் கழற்றி ஒரு நிமிஷம் நிற்கிறார்கள். பிறகு மறுபடி பந்து. ஹிரோஷிமாவின் கல்லறைகளிலோ அந்த நாட்களில், மூங்கில் நுனியைப் பிளந்து சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகக் காகிதம் ஒட்டிய விளக்குகளைக் கல்லுக்குக் கல் சாத்தி வைத்திருப்பதால், தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குக் குன்று முழுவதும் பூத்திருப்பதாகத் தோன்றும்.

16-ஆம் தேதி வழியனுப்பு. அதைக் கியோத்தோ நகரம் செய்யும் தோரணையை வேறு ஊர் எதுவும் எட்டியதில்லை. இரவு 8 மணிக்குக் கிழக்கு மலைச்சரிவில், பெரிது என்று பொருள்படும் சீன எழுத்தின் வடிவத்தில் 75 இடங்களில் அடுக்கிய விறகுக்கு நெருப்பிடுகிறார்கள். அந்த எழுத்தின் மூன்று கோடுகளில் நீளமானது 160 மீட்டர். தொடர்ந்து இருபது நிமிஷத்துக்குள் நகரைச் சூழ்ந்த மற்ற மலைகளிலும் எழுத்துகளும் படகும் தோரண வாயிலும் எரியத் தொடங்குகின்றன. 2011-இல் சுனாமி அழித்த ரிகுஜென்தகாதா என்ற வடக்கத்திய ஊரில், கடலோரத்துப் பைன் மரங்கள் எழுபதினாயிரத்தில் ஒன்றே மிஞ்சியது; விழுந்த மரங்களின் விறகில் இறந்தவர்களின் பெயர்களை எழுதி, இந்தக் கியோத்தோ நெருப்பில் சேர்ப்பதாக ஏற்பாடு. ஃபுகுஷிமா அணு உலையின் கதிரியக்கம் மரத்தில் ஒட்டியிருக்குமோ என்று ஆட்சேபம் கிளம்பவே, பரிசோதனையில் ஒன்றும் அகப்படாதபோதிலும் அதைக் கைவிட்டார்கள். விறகை அந்த ஊரிலேயே ஆகஸ்டு 8-ஆம் தேதி எரித்தார்கள். கைவிட்டதற்குக் கண்டனம் வலுத்ததும் கியோத்தோவினர் வேறு 500 துண்டுகளைத் தருவித்தார்கள், அவற்றின் பட்டையில் சீசியம் இருந்தது, அதுவும் நின்றது. யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பெயர் எழுதிக் கொடுத்தவர்களுக்கு அந்த வருஷத்து ஆகஸ்டு எப்படிக் கழிந்திருக்கும் என்பதை யோசிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

இன்றைய கவலை வேறு. கிராமங்களில் கிழவர்களே மிச்சம். அவர்களும் போன பிறகு கல்லறையைக் கழுவ யார் வருவார்? ஆண்டுதோறும் லட்சத்துக்கு மேற்பட்ட அஸ்திகள் சொந்த ஊரிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு வேறிடத்துக்குப் போகின்றன. டோக்கியோவில் இதற்கென்றே அடுக்குமாடிக் கட்டடங்கள் இருக்கின்றன. அட்டையை நீட்டினால், யந்திரம் உள்ளேயிருந்து நமக்குரிய கலசத்தைக் கொண்டுவந்து முன்னே நிறுத்துகிறது. மூத்தவர்கள் இதைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள். யந்திரத்தில் குற்றமில்லை, குளிர்சாதன அறையில் முழங்கால் வலியில்லாமல் கும்பிட முடிகிறது என்பதும் லாபமே. நஷ்டம், பிடுங்குவதற்குப் புல் இல்லாமற்போனது. வெயிலில் வியர்க்க வியர்க்கக் கல்லைத் தேய்க்கும்போதுதான், உன் தாத்தா இந்த ஓடையில் மீன் பிடிப்பார், ஒரு தடவை வழுக்கி விழுந்து பல்லை உடைத்துக்கொண்டார் என்ற பேச்செல்லாம் வரும்.

நடனம் மட்டும் பட்டணத்திலும் பிழைத்துக்கொண்டது. டோக்கியோவின் த்ஸுகிஜியில், 1934-இல் இதோ சூதா என்ற கட்டடக் கலைஞர் இந்திய பௌத்த ஸ்தூபிகளைப் பின்பற்றிக் கட்டிய ஹோங்கான்ஜி ஆலயம் இருக்கிறது. அதன் முற்றத்தில் ஒவ்வொரு கோடையிலும் முரசு மேடை எழும்புகிறது. பக்கத்துச் சந்தைக் கடைக்காரர்கள் அங்கேயே கடை விரித்து வறுவலும் பீரும் விற்க, அலுவலகத்திலிருந்து நேரே வந்தவர்கள் கழுத்துப்பட்டையைத் தளர்த்திவிட்டு வட்டத்தில் சேர்ந்துகொள்கிறார்கள். அந்த ஆலயம், இறந்தவர்கள் திரும்பி வருவதில்லை என்று போதிக்கும் ஜோதோ ஷின்ஷூவைச் சேர்ந்தது. ஆடுகிறவர்கள் எவரும் அதைப் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை.